லாலான் புல்லில் அடை படுத்த கோழி

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் நான்கு மாதக் கர்ப்பிணி. மலாயாவில் பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில், நானும் அவருடைய அக்காவும் மிஞ்சினோம். புருஷனை இழந்தவர் அவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று என் கால்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

எங்களிடம் ஒரு கறுப்புக் கோழி இருந்தது. லயத்துக் கோழிகளையெல்லாம் ஜப்பான்காரன் முகாமுக்கென்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் பிடித்துப் போனபோது அது மட்டும் தப்பியது. வீட்டுக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் திருட்டுத்தனமாக முட்டையிட்டு, அங்கேயே அடை படுத்திருந்தது.

"வீட்டுக்குள்ள கொண்டாந்துரட்டுமாக்கா? மழை வருதே."

"கைய வைக்காத. கிளப்பினா அடை கலைஞ்சிரும். இங்க வந்து கொக்கரிச்சா மண்டோர் காதுல விழும். பிள்ளை பெத்தப்புறம் கிழங்குத் தண்ணியக் குடிச்சா உனக்குப் பாலு ஊறுமா?"

அந்த வருஷம் மழை விடவே இல்லை. மலைப் பக்கமிருந்து வந்த காற்று எலும்புக்குள் இறங்கியது. சரிவில் ஓடிவரும் தண்ணீர் கூட்டுக்குள் புகாதபடி மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினேன். மூடிக் கிடந்த ஸ்டோரிலிருந்து ரப்பர் சீட்டு ஒன்றை எடுத்து வந்து, நான்கு குச்சி நட்டுக் கூரையாகப் போட்டேன்.

அதுதான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. ஒரு நாள் காலையில் மண்டோர் அந்தப் பக்கம் வந்தவன், சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான். தூக்கிப் பார்த்தான். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. நான் ஓடிப்போய் நின்றேன்.

"தோட்டத்து சீட்டு. ஜப்பான்காரன் பாத்தா என் தலைதான் போவும், தெரியும்லா?"

"கோழிய விட்டுருங்கண்ணே. அடையில இருக்கு."

அவன் என் வயிற்றைப் பார்த்தான். பிறகு கோழியைப் பார்த்தான்.

"பொரிக்கட்டும். குஞ்சுல பாதி எனக்கு."

சீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. வாழை இலைகளை வெட்டிப் போட்டேன். காற்று அவற்றைக் கிழித்து எறிந்தது. கோழி நனைந்து பாதியாகச் சுருங்கி, கண்ணை மூடி நடுங்கியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அக்கா அன்று குளிர் காய்ச்சலில் இருந்தார். கொயினா மாத்திரை எங்கேயும் கிடைக்காத காலம். அப்படியும் தடுமாறி வந்து, கோழிக்கு அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சூடு இருக்கு. என் சாக்க எடுத்துட்டு வா. ரப்பர் பால் பூசிப் போடலாம். தண்ணி இறங்காது."

துணி கிடைக்காததால் ஆளுக்கொரு கோணிச்சாக்குதான் எங்களுக்குப் போர்வை.

"பால் பூசினா மறுபடி போத்திக்க முடியாதுக்கா. கட்டையாட்டம் விறைச்சிரும்."

"எனக்குக் குளிர் வந்தா நீ பக்கத்துல படுத்துக்க."

மழை ஓய்ந்த நேரம் பார்த்துப் பக்கத்து மரத்தைச் சீவி, சிரட்டையில் பால் பிடித்தேன். சாக்கில் தடவி அடுப்புப் புகையில் காட்டினோம். இருமிக்கொண்டே இருந்தாலும் ஒரு முனையைப் பிடித்திருந்த கையை அக்கா விடவில்லை. அது காய்ந்ததும் நான் கொண்டுபோய்க் கூட்டின் மேல் கட்டினேன். காற்று அதை அசைக்கவில்லை.

அதன் பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் நாள் தவறாமல் வந்தது. என் சாக்கை இருவருமாகப் போர்த்திக்கொள்வோம். தோளுக்கு இழுத்தால் காலுக்கு எட்டாது. அவர் முதுகோடு என் வயிறு ஒட்டும்படி அணைத்துப் படுப்பேன். அவர் உடம்பு உதறும்போது உள்ளே பிள்ளை புரளும்.

"முழிச்சுக்கிச்சு" என்பார், பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதே.

குஞ்சுகள் பொரிந்தன. சில முட்டைகள் குளிரில் செத்துக் கல்லாகக் கிடந்தன. ஓடி வந்து சொன்னேன்.

"நொண்டி ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணு இருக்குக்கா."

"அத மண்டோருக்குக் குடு" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரிப்பதைப் பார்த்தேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

லயத்தில் குழி வெட்ட ஆம்பிளை இல்லை. மண்டோரே வந்து வெட்டினான். ஊறிப்போன மண், வெட்ட வெட்டச் சரிந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்று வெட்டி முடித்தான். குஞ்சுகள் தாயை விட்டுத் தனியாக மேய ஆரம்பித்தபோது கூடையோடு வந்து, சொன்னபடி பாதியை எண்ணி எடுத்துக்கொண்டான். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றவில்லை.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மீதியிருந்த சேவல் குஞ்சுகளில் ஒன்றை அடுத்த வீட்டுக்காரி ரசம் வைத்துக் கொடுத்தாள். உப்புகூட இல்லாத ரசம். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பால் ஊறியது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தேன். என் கணவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.