வரிசையில் முதல் ஆள்

அண்ணா, உனக்குக் கொள்ளி வைத்த நாலாம் நாள் நான் வண்டி பழகும் லைசென்ஸுக்கான எல்.எல்.ஆர். டெஸ்டுக்குப் போனேன். மஞ்சள் காமாலையில் படுப்பதற்கு முன் நீயே அலைந்து வாங்கி வைத்த தேதி அது. விட்டால் அடுத்த மாதம்தான். அதுவரை நீ ஓட்டிய வேனை நிறுத்தி வைக்க முடியாது என்று ஓனர் நம் வீட்டு வாசலில், பந்தல் பிரிப்பதற்குள் சொல்லிவிட்டார். "எல்.எல்.ஆர். கொண்டாந்து காட்டு, உன்ன வண்டில ஏத்திக்கிறேன். இல்லன்னா வேற ஆள் ரெடியா இருக்கான்."

அம்மா அழுதுகொண்டே சட்டை எடுத்துக் கொடுத்தாள். "போடா. லேட்டா மட்டும் போயிடாத."

டெஸ்ட் ஒன்பதரைக்கு. எங்கள் அல்சூரில் பஸ் பிடித்து எட்டரைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. வரிசையில் நான்தான் முதல். அதுதான் வினையாகப் போனது.

எனக்குப் பின்னால் வந்து நின்ற தொந்திக்காரர் என் தலையையே பார்த்தார்.

"இன்னாபா, திருப்பதியா? லட்டு எங்க?"

நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பின்னால் திரும்பி எல்லாருக்கும் சொன்னார். "மொட்ட கஞ்சப் பையன்பா, நமக்கு லட்டு தரமாட்டானாம்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணா.

கதவு திறந்ததும் இன்ஸ்பெக்டர், சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு உட்கார்ந்து என் ஃபாரத்தைப் பார்த்தார். ஃபோட்டோவில் எனக்கு முடியும் மீசையும் இருந்தன.

"ஏனப்பா, இது யாரு? உங்க அண்ணனா?"

"நான்தான் சார்."

"மீசையும் எடுத்திருக்கியே. வீட்டுல யாராச்சும் போயிட்டாங்களா? சாவுத் தீட்டுன்னா இப்பவே சொல்லிடு. காலைல மொதல் ஆளே நீ. காரியம் முடிச்சிட்டு வேற தேதி வாங்கிக்கோ."

"அதெல்லாம் இல்ல சார். திருப்பதி."

"ஆமா சார், லட்டுதான் கண்ல காட்டல" என்றார் தொந்திக்காரர்.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார். "அண்ணன் இருக்கானா?"

"இருக்காரு சார்."

"என்ன பண்றான்?"

"வேன் ஓட்றாரு."

"அப்புறம் என்ன, அவன்கிட்டயே கத்துக்கோ."

சுவரில் தொங்கிய ரோட்டுச் சின்ன அட்டையில் குச்சியை வைத்து மூன்று படம் கேட்டார். எழுத்துதான் எனக்குச் சரியாக வராது, படம் வரும். வேனில் பக்கத்தில் உட்கார வைத்து ரோடு ரோடாக நீ காட்டியது. மூன்றையும் சொன்னேன். முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வரும்போது தொந்திக்காரர் என் மொட்டையில் ஒரு தட்டு தட்டினார். "ராசியான மொட்டடா."

வீட்டில் அம்மா கேட்டாள். "என்னடா கேட்டாங்க?"

"படம் கேட்டாங்கம்மா" என்றேன். வேறு எதையும் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஓனர் பேப்பரைப் பார்த்து, சொன்னபடியே வண்டியில் ஏற்றிக்கொண்டார். உன் சீட்டில் உட்கார்ந்துதான் இப்போது ஓட்டுகிறேன்.

கோயிலில் நின்று உன்னை நினைத்துக் கும்பிட முடியவில்லை அண்ணா. தீ வைத்த கையாலேயே ஃபாரத்தை நீட்டி, நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். இனி சாமியிடம் உனக்காக எந்த வாயால் கேட்பேன். அதனால் இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் என் அண்ணனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவன் செத்துப்போய்விட்டான் என்று வாய்விட்டுச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.