துளசித் தொட்டிக்கு அடியில் ஒரு பிரேக் டிஸ்க்

பாண்டுப் மலைச்சரிவில், அக்கா வீட்டு வாசலில், துளசித் தொட்டியைத் தாங்கிக்கொண்டு ஒரு பழைய பிரேக் டிஸ்க் கிடக்கிறது. தேய்ந்து ஓரத்தில் வரப்பு கட்டிய கனத்த இரும்பு வட்டம். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் துரு கரைந்து படியில் சிவப்பாக வழியும். இன்றும் அந்தச் சிவப்பை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

அத்தான் வாஷி மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கும் பிக்கப் வைத்திருக்கிறார். பின்சக்கரங்களிலும் டிஸ்க் உள்ள பெரிய வண்டி. எந்த வேலைக்கும் அதைக் கராஜில் விடமாட்டார். "அடுத்தவன் மாட்டுன பிரேக்க என் காலு நம்பாதுல" என்பார். கஞ்சத்தனத்துக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேலி செய்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, தேய்ந்துபோன பின் டிஸ்குகளை மாற்ற வாசலிலேயே வண்டியின் பின்புறத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். எங்கள் சந்து கீழே சரிகிற சந்து. வண்டியின் முகமும் கீழ்நோக்கித்தான் இருந்தது. முன்சக்கரங்களுக்கு இரண்டு கருங்கற்களை அணைகொடுத்திருந்தார்.

பழைய டிஸ்க் துருவேறி ஒட்டிக்கொண்டு வரமறுத்தது. ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் வண்டி கொஞ்சம் முன்னால் நகர்வதுபோல எனக்குத் தோன்றியது. "கல்லு இருக்குல்லா, பயப்படாத" என்றார். பாதி நாள் அதிலேயே போயிற்று. புது டிஸ்குகளைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து மாட்டி, டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் புதுப் பேடுகளுக்கு இடம் வேண்டுமென்று, அவற்றை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினார். அப்படித் தள்ளியபின் பெடலைப் பலமுறை அமுக்கினால்தான் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் பிடிக்கும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு தடவையும் செய்கிற காரியம்தான். ஹேண்ட் பிரேக் கேபிளையும் இன்னும் மாட்டவில்லை.

அதற்குள் அக்கா பித்தளைத் தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழங்களுமாக வந்துவிட்டாள். வேலை பார்த்த வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் எங்கள் ஆட்கள் லோடுக்கு எடுப்பதில்லை. "ராவுகாலம் பொறக்கப் போவுது. மொதல்ல ஏறுங்க, கேபிள அப்புறம் மாட்டிக்கலாம்" என்று அவசரப்படுத்தினாள். அத்தானும் சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டே ஏறிவிட்டார்.

சக்கரங்களுக்கு அடியில் பழங்களை வைத்துவிட்டு அக்கா வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் சுற்றினாள். அவளுக்குப் பின்னால் சந்து திரும்புகிற இடத்துச் சுவர். அத்தான் இஞ்சினை ஓடவிட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மராட்டிக்காரரிடம் "பாவ், பத்தர் நிகாலோ" என்று கல்லை எடுக்கச் சொன்னார். கற்பூரம் அணைந்து அக்கா விலகியபிறகுதான் வண்டியை விடுவதாக இருந்தது. மராட்டிக்காரர் கற்களை எடுத்தார். பழங்கள் நசுங்கின. யாரோ சந்தோஷமாகச் சிரித்தார்கள். அத்தானின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. அவர் மிதித்த பெடல் தரைவரை போயிருந்தது.

அக்கா பின்னால் ஓர் எட்டு வைத்தாள். இன்னும் ஓர் எட்டு. அப்புறம் சுவர். அத்தான் வெறிபிடித்தவர்போல மிதித்த மிதியில் எப்படியோ பிரேக் பிடித்தது. வண்டியின் மூக்குக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவில் பித்தளைத் தட்டு வளைந்து நின்றது. அக்கா கத்தவில்லை. "ஏங்க, கால எடுத்துராதீங்க" என்றாள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

நாங்கள் கற்களைத் திரும்ப வைத்தோம். அக்கா பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தாள். அத்தான் இறங்கவில்லை. அந்த ராகுகாலம் முழுவதும் பிரேக்கில் காலை ஊன்றியபடியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவர் சாவியைத் திருகுமுன் பெடலை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார். அக்கா வண்டிக்கு முன்னால் போவதே இல்லை. துளசித் தொட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறாள். அவர் தலையாட்டி விடைபெறும்போது அவள் உதடு அசையும். சாமி பெயரைச் சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன வாரம் பக்கத்தில் நின்றபோது காதில் விழுந்தது.

"கால எடுத்துராதீங்க."