மருந்து ரூமுக்கு ஆகாத கோல்கீப்பர்

என் இளைய மகன் பந்து விளையாடியே பாதி வயதைக் கழித்தவன். டிவியில் வருகிற ஆட்டமெல்லாம் இல்லை. ஆமத்தூர்க் கண்மாய் வற்றினால் அதில் ஒரு ஆட்டம், விருதுநகரில் ஒரு கிளப்புக்காக ஒரு வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த ஆட்டம், சென்னைக்குப் போய் மூன்றாம் டிவிஷனில்கூட யாரும் எடுத்துக்கொள்ளாமல் திரும்பி வந்த ஆட்டம், இப்படித்தான். சென்னையிலிருந்து வந்தவன் ஒரு கையுறை மட்டும் கொண்டுவந்தான். அதை நான் துவைத்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்கச் சண்டை. துவைக்கக் கூடாதாம், பிடிப்பு போய்விடுமாம். நாற்றம் வீட்டையே தூக்கியது, துவைக்காமல் என்ன செய்வது?

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். கையுறைக் கதை வேண்டாம் என்கிறாள். அவள் கிடக்கிறாள்.

கடைசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. அந்த முதலாளிக்குப் பந்தாட்டப் பைத்தியம். டீமில் இருக்கிறவனுக்கு லாரியில் லோடு ஏற்றுகிற வேலை, சாயங்காலம் பிராக்டிஸ். மற்றவர்கள் வெந்து நொந்து கிடக்கும்போது இவர்கள் நாலு மணிக்கே ட்ரவுசர் மாட்டிக்கொண்டு போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதிகம் எரிந்தது போர்மேனுக்கு. அவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன். எங்கள் கல்யாணத்தில் தனக்கு மரியாதை செய்யவில்லை என்று அன்றைக்கு முறைத்துக்கொண்டு போனவர், இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். என் மகனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'ஓசிச் சோறு' என்றுதான் கூப்பிடுவார்.

மகனுக்கு முப்பது தாண்டியதும் முழங்கால் தகராறு ஆரம்பித்தது. முதலாளியும் இளசாக ஒரு கோல்கீப்பரைத் தேடுகிறார் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து மருந்து ரூமில் வெடிமருந்துக் கலவை போடுகிறவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போர்மேன் என் மகனிடம், பொங்கல் கோப்பை முடிந்ததும் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்து ரூமுக்கு வந்துவிடு என்றார். இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி என்றுவிட்டான். அங்கே கைதேர்ந்தால் பிறகு போர்மேன் ஆகலாமாம். பெஞ்சில் உட்கார்ந்தே காலம் போய்விட்டது, எனக்கென்று ஒரு இடம் வேண்டாமா என்று என்னிடமே கேட்டான்.

என் அண்ணன் அந்த ரூமில் வேலை பார்த்தவர். மருந்து தீப்பிடித்த அன்றைக்கு உயிரோடுதான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு கண்ணாடி பார்த்ததில்லை. இவனிடம் அதைச் சொன்னால், "ஒன் அண்ணன் காலம் வேற, இப்ப வேற" என்றான். நான் சட்டியை எறிந்தேன். அவன் சாப்பிடாமல் போனான். பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

கோப்பையில் கடைசி ஆட்டம் சிவகாசிக்காரர்களோடு. காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஆகவே ஆகாது. மருந்துக் கை என்று நம் ஆட்களிடம் கை குலுக்கமாட்டார்கள். நம் ஆட்கள் அவர்களை மைப்புட்டி என்பார்கள். நான் குடை, தண்ணீர்ப் பாட்டில், வாய் மூன்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர்களுக்கு முன்னால் நின்று கோல் அடிக்கிற ஒருவனின் வம்சத்தையே நான் விசாரித்ததில், நடுவர் வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

நாம் ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியப் போகிறது. பந்து எங்கள் கோல் பக்கம் வருகிற நேரம், கம்பத்துக்குப் பின்னால் நின்ற பிரஸ்காரன் எவனோ ஒரு பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டான்.

கம்பெனியில் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே. யோசிக்கிற வேலையே கிடையாது, கால் தானாக ஓடும். டமால் என்றதுதான் தாமதம், நம் ஆட்கள் பத்துப் பேரும் மைதானத்தை விட்டே ஓடினார்கள். நாற்காலியில் இருந்த போர்மேன் ஓடினார். வெடிக்குத் திரி ஒட்டியே காலம் தள்ளிய நானும் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். பிரஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவன் பந்தை அடித்தான்.

என் மகன் ஒருவன் மட்டும் கம்பத்துக்கு நடுவில் நின்றான். பந்து அவன் நெஞ்சில் பட்டு வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் விசில். கோப்பை நமக்கு.

அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். முதலாளி மாலையைப் போட்டு, கால் உள்ளவரைக்கும் நீதான் கீப்பர் என்றார். போர்மேன் மட்டும் கிட்டே வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வந்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

"ஏலே ஓசிச் சோறு, நீ மருந்து ரூமுக்கு வர வேண்டாம். வெடிச் சத்தம் கேட்டு நிக்கவன உள்ள விட்டா, அவனும் செத்து நாலு பேரையும் சாகடிப்பான்."

மகனுக்கு முகம் செத்துப்போனது. "சித்தப்பா, ஓடணும்னுதான் நெனச்சேன். முட்டி பிடிச்சிருச்சு. காலு நகரல."

"அப்ப இன்னும் மோசம்லே. ஓட முடியாத காலு அங்கன எதுக்கு?"

அவன் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். எனக்கோ அந்த மாலையை நானே போட்டுக்கொண்டு ஆடலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் வீட்டில் ஒரே நச்சரிப்பு. முட்டி சரியாகிவிட்டது, உன் கொழுந்தன்தானே, நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்றான். சரி என்று அவனையும் கூட்டிக்கொண்டு போர்மேன் வீட்டுக்குப் போனேன். அவர் பெண்சாதி காப்பி கொண்டுவந்தாள். சீனியே இல்லை, அந்த வீட்டுக் காப்பி என்றைக்கும் அப்படித்தான். போர்மேன் ரொம்ப நேரம் எங்களைக் காக்க வைத்துவிட்டு, வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால் இறங்கி வந்தார்.

"மதினி, வாய் உள்ளவக நீங்க, ஆனா பொய் சொல்ல மாட்டீக. காலு நெசமா சரியாயிருச்சா? உங்க வார்த்தைய நம்பி நாளைக்கே உள்ள விடுதேன்."

மகன் என்னையே பார்த்தான். வருகிற வழியெல்லாம் என் முன்னால் விறுவிறுவென்று நடந்து வந்தவன்தான்.

"எங்கன சரியாச்சு? விடிஞ்சா எந்திரிக்க ஒரு ஆளு வேணும். நான்தான் தூக்கி விடுதேன்" என்றேன்.

காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மகன் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டான். அன்றைக்குப் பேச்சை விட்டவன்தான், இன்றுவரை என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றாலும் பேத்தியிடம் சொல்லித்தான் அனுப்புகிறான். வேலை இப்போது காலி அட்டைப்பெட்டி அடுக்குகிற குடோனில். சாயங்காலம் உம்மென்று வருவான், கதவை டமாலென்று சாத்துவான். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் உலை வைப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு ஆட்டம். கூப்பிடாமலே போனேன். இடமும் வலமும் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறான். பிடித்துவிட்டு நான் இருக்கிற பக்கம் முறைக்கிறான். நான் கை தட்டினேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த போர்மேன் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மதினி, நல்லாத்தான குதிக்கான்."

"விடிய வீட்டுக்கு வந்து பாருங்க கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு, மைதானம் அவர் கண்ணுக்கு மறைகிற மாதிரி குடையை அவர் பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டேன்.