ஒரு ‘ச்சே’வின் விலை

பார்சல் ஆபீஸ் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் கணக்கம்மா. புதிதாக வருகிறவர்கள், பாவம், பார்சலுக்குக் காத்திருந்து தூங்கிப்போன யாரோ ஓர் அம்மாள் என்று நினைத்துச் சத்தம் போடாமல் நகர்ந்து உட்காருவார்கள். தூக்கமாவது மண்ணாவது! காது முழுக்கக் கவுன்டரில்தான். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் ‘ச்சே’ என்றால், எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கம்மாவின் கட்டைவிரல் ஒரு விரல்கணு தாண்டி நகரும்.

ஆபீஸின் வரவு செலவெல்லாம் அவர் பொறுப்பு. எந்த மிஷின், எந்த சாஃப்ட்வேர் வாங்குவதானாலும் விலை, பராமரிப்பு என்று செலவுகளை எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்: ‘ச்சே செலவு’. விற்க வருகிறவர்கள் முதலாளியின் அறையில் உட்கார்ந்து படம் காட்ட ஆரம்பித்தால் கையோடு எழுப்பிவிடுவார். “கவுன்டர்ல வச்சுக் காட்டுங்க தம்பி. ஏசில எல்லா மிஷினும் நல்ல பிள்ளைதான்.”

பிறவியிலேயே வந்த ஞானமில்லை இது. முன்பு அந்தக் கவுன்டரில் அவருடைய சிநேகிதி இருந்தாள். வாயாடி என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். பச்சை எழுத்து மினுங்கும் பழைய கம்ப்யூட்டரில் விரல்கள் தம்பாட்டுக்கு பில் போடும்; கண்ணும் வாயும் வந்தவரிடம் இருக்கும். “மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்க?” “முட்டி வலி தேவலையா?” மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில், லாரி டிரைவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அடடா, என்ன நாட்கள் அவை!

பிறகு மலிவாக ஒரு சாஃப்ட்வேர் வந்தது. அதற்குக் கையெழுத்துப் போட்டவர் கணக்கம்மாதான். ஒரு பார்சலுக்கு ஏழெட்டுத் திரை. ஓரிடத்தில் தப்பானால் மறுபடி முதலிலிருந்து. குனிந்த வாயாடியின் தலை நிமிரவேயில்லை. வரிசை வாசல்வரை போனது, நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். “மனுஷனைப் பார்க்கிறதா, மிஷினைப் பார்க்கிறதாடி? என்னால முடியல” என்று ஒருநாள் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். அப்போதுதான் கணக்கம்மாவுக்கு உறைத்தது. எத்தனையோ நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம், அவள் இடத்தில் இருக்கும் பெண்ணும் அதே சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்ட முடியாமல், மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுவிடுவதாகச் சொன்னாள். முதலாளியோ அதற்குப் பதிலாக இன்னொரு மலிவு சாஃப்ட்வேரைப் பார்த்து வைத்திருந்தார்.

“அக்கா, ச்சேக்கெல்லாமா செலவு எழுதுவாங்க? பேங்க்ல பார்த்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இவ ஒரு ச்சே சொன்னா பின்னாடி அத்தனை பேரும் நிக்கிறாங்க. நின்னவன் அடுத்த தடவை எதிர் ஆபீஸுக்குப் போறான். இவளும் போயிட்டா இன்னொருத்திக்கு ஆனா ஆவன்னாலேர்ந்து பழக்கணும். அதெல்லாம் யார் வீட்டுக் காசு? ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போதும்ப்பா.”

முதலாளி மோட்டுவளையைப் பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார். கடைசியில் கணக்கம்மா சொன்னதே வந்தது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரே திரை.

மாதம் முடிந்தது, அந்தப் பெண் நின்றுவிடவில்லை. நேற்று பில் போட்டுக்கொண்டே நிமிர்ந்து, ஒரு கிழவரிடம், “பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டானா தாத்தா?” என்றாள். “நடக்கிறதா? ஓடுறான்மா, நான்தான் விழுறேன்!” என்றார் அவர். வரிசையே சிரித்தது.

கணக்கம்மா செல்போனை எடுத்துச் சிநேகிதியைக் கூப்பிட்டார். “என்னடி இந்நேரத்துல?” என்றாள் வாயாடி. கணக்கம்மா போனைக் கவுன்டர் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.