முதல் தண்ணீர்

சனிக்கிழமை காலையில் லூர்தம்மாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பாள். கோயில் துணி துவைக்கிற நாள் அது. பூசையில் கிண்ணம் துடைக்கும் சின்னத் துணிகள் ஆறு, அப்பத் தட்டுக்குக் கீழே விரிக்கும் சதுரத் துணி ஒன்று. குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு, அதற்கென்றே வைத்திருந்த வெள்ளைப் பேசினில் அவற்றை நனைப்பாள். முதல் தண்ணீருக்குச் சோப்பு கிடையாது. பூசையில் சாமியார் மந்திரித்த பிறகு கிண்ணத்தில் இருந்தது திராட்சை ரசமல்ல, ஆண்டவருடைய இரத்தம். ஒரு துளி துணியில் ஊறியிருந்தாலும் அதில் அவர் முழுசாக இருக்கிறார். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. ஆள் மிதிக்காத மண்ணில்தான் போக வேண்டும். கொல்லை மதிலோரம் நின்ற மாதுளைக்கு ஊற்றுவாள். அந்தப் பக்கம் வீட்டில் யாரும் செருப்போடு போனதில்லை, எச்சில் துப்பினதில்லை.

இந்தத் துவைப்பு எண்பத்து நாலில் தொடங்கியது. மில்லில் கழிவுப்பஞ்சு பிரிக்கப் போன வருஷங்களிலும், புருஷன் செபஸ்தியான் செத்த வாரத்திலும்கூட அது நிற்கவில்லை. பீடத்துக்கு அருகில் போக அவளுக்கு வேறு வழியும் இல்லை. அவளுக்குப் பாட வராது, வாசிக்கவும் வராது.

பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டுவாள். "ஏக்கா, கொழாவுல தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சு. நாங்க ஒரு சொம்புல மூஞ்சி கழுவுறோம். ஒங்க சாமி வாராவாரம் பேசின் பேசினாக் கேக்குறாரே!"

"ஒங்க சாமிக்குக் குடங்குடமாப் பால் ஊத்தல?"

"அதுல பாதி தண்ணிதானக்கா. நாங்க சிக்கனம்."

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் பொங்கல் கழிந்து மகன் பிராங்க்ளின் லாரியிலிருந்து இறங்கி வந்தான். பம்பாய் லைன் ஓட்டுகிறவன், இருபத்தொன்பது வயது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவன் பாதி ஆளாக இருந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து எய்ட்ஸ் என்றார்கள். வார்டில் சோற்றுத்தட்டை அவன் கட்டிலுக்குக் காலால் தள்ளினார்கள். ஊசி போட வந்தவள் ஒரு கையில் இரண்டு கையுறை மாட்டியிருந்தாள். பிராங்க்ளின் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் ஆகும்வரை அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அந்தச் சனிக்கிழமை லூர்தம்மாள் துணி எடுக்கக் கோயிலுக்குப் போனாள். பூசை உடுப்பு அறையில் துவைக்கிற துணிமூட்டை தொங்கும் ஆணி காலியாக இருந்தது. பங்குச்சாமியார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கொஞ்ச நாளைக்கு சிஸ்டர்ஸ் பாத்துக்கிடட்டும்மா. ஒங்களுக்கும் வீட்ல வேல கூடல்ல."

"யாரு சொன்னா சாமி?"

 வெளியே மரியாயின் சேனைத் தலைவி இஞ்ஞாசியம்மாளே சொன்னாள். "கோவிக்காதக்கா. அவன் பீத்துணி கசக்குற கை. அதே கையில கிண்ணத்தொணி. சாமி வாய் வைக்கிற எடம்ல? நமக்கு ஆண்டவர்ட்ட ஒரு பயம் வேணாமா?"

 இஞ்ஞாசியம்மாள் சொன்னது அவளுக்கே நியாயமாகப் பட்டது. பயம் வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் வெறும் வயிற்றோடு துவைத்தாள்? மறுநாள் பூசையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க எழவில்லை. பிறகு எட்டு மாதம் அப்படித்தான்.

அந்த எட்டு மாதமும் பிராங்க்ளின் கரைந்துகொண்டிருந்தான். வாயெல்லாம் புண்; இருமினால் ரத்தம். வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் அவள்தான் அலசினாள். ஆஸ்பத்திரியில் கையுறை வாங்கிப் போடச் சொல்லியிருந்தார்கள். அவள் போடவில்லை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பியது அவளுக்கு மறக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை, ரத்தம் படிந்த துண்டை நனைத்த தண்ணீரைச் சாக்கடையில் சாய்க்கப் போனவள் சாய்க்காமல் நின்றாள். கலங்கல் சிவப்பாக இருந்தது. அதில் பாதி அவள் கொடுத்த ரத்தம். சாக்கடைக்கு அந்தப் பக்கம் பன்றி ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் மாதுளை மூட்டில் ஊற்றினாள்.

சிவனம்மாள் பார்த்துவிட்டாள். "ஏக்கா! அது சாமி தண்ணி ஊத்துற எடம்ல?"

"ஆமா."

சிவனம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். செத்த நேரம் கழித்து மதில்மேல் ஒரு குடம் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு லூர்தம்மாள் நன்மைக்கு எழுந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு ஆள் இடம் விட்டிருந்தது, பின்னாலும் விட்டிருந்தது. அவள் நாக்கை நீட்டினாள். சாமியார் அப்பத்தை விரல் படாமல் மேலேயிருந்து விட்டார்.

நவம்பர் முதல் வாரத்தில் பிராங்க்ளின் செத்தான். அடக்கத்துக்கு வந்தது பதினோரு பேர். அதில் ஐந்து பேர் சிவனம்மாள் வீட்டு ஆட்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சாமியாரே வீட்டுக்கு வந்தார். கையில் பழைய துணிமூட்டை. லூர்தம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கினாள். அவிழ்த்தபோது துணிகளுக்கு மேலே, பாலித்தீன் பையில், வெளிறிய ரப்பர் கையுறை ஒரு ஜோடி.

"சும்மா பேருக்குத்தாம்மா. இஞ்ஞாசியம்மா அவங்கல்லாம் இதுக்குச் சரின்னுட்டாங்க. துவைக்கிறப்ப மட்டும் மாட்டிக்கங்க. நாலு பேரு வாய அடைக்கணும்ல."

அவள் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இதப் போட்டுக்கிட்டு நன்மை குடுப்பீங்களா, சாமி?"

சாமியார் வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய ஸ்கூட்டர் மட்டும் நின்றது.

"இது என் மகனக் குளிப்பாட்டுன கை. இதுக்கு மேல இதக் கழுவ எனக்குத் தெரியல. சிஸ்டர்மாருகிட்டயே குடுத்துருங்க."

முடிச்சை அவளே திரும்பப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வார் என்று அவள் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை எதிர்பார்த்தாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸ் பகல் பூசையில் கடைசிப் பெஞ்சிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது: கிண்ணத் துணிக்குக் கஞ்சி போட்டிருந்தார்கள். கஞ்சி போட்ட துணி ஈரத்தை வாங்காது. சாமியார் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். துணி அட்டைபோல விறைத்து நின்றது. மடியில் கிடந்த அவள் கை தானாக ஒருமுறை கசக்கிப் பிழிந்தது. எப்படித் துவைப்பது என்று யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

வரிசையில் போய் நின்றாள். முன்னும் பின்னும் அதே இடைவெளி. மற்றவர்களுக்கெல்லாம் நாக்கில் வைத்த சாமியார் அப்பத்தை எடுத்துவிட்டு, அவளிடம் கையை நீட்டச் சொல்வதுபோல் கண்ணைக் கீழே காட்டினார். அவள் கை கூப்பியபடியே இருந்தது. வாயைத் திறந்தாள். பின்னால் யாரோ செருமினார்கள். அவர் கொடுக்கும்வரை திறந்த வாயோடு நின்றாள்.