அண்ணன் தரையில் நின்றிருந்த நாள்

தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து அன்று காற்று பலமாக வீசியது... வாயெல்லாம் மண் கரகரத்தது. மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே விமானப்படை வண்டி வந்து நின்றது. அந்த லைனில் வளர்ந்த சேகரின் சவப்பெட்டியோடு இறங்கியவர் என் அண்ணன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

அண்ணனைத் தெரியாதவர்கள் அப்போது எங்கள் ஊரில் கிடையாது. சுரங்கத் தொழிலாளியின் மகன், விமானப்படை பைலட். விண்வெளிக்குப் போகத் தேர்வாகி, வெளிநாட்டில் பயிற்சியும் எடுத்தவர். கடைசி மெடிக்கலில் இதயத்துடிப்பில் ஏதோ சிறு குறை என்று நிறுத்திவிட்டார்கள். ராக்கெட்டில் வேறொருவர் போனார். அண்ணன், புதுப் பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் இன்ஸ்ட்ரக்டர் ஆனார்.

ஆனாலும் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அவர் "ராக்கெட்காரர்"தான்.

அந்தப் பேரைக் கேட்டே வளர்ந்தவன் சேகர். அண்ணனிடமே பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தான். தனியாக ஓட்டலாம் என்று அண்ணன் அனுப்பிய முதல் தடவையே, இறங்கும்போது விமானம் விழுந்துவிட்டது.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். சேகரின் அம்மா அழவில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா... என் புள்ள பயந்தானா?"

"தெரியலம்மா. நான் கீழதான் நின்னுனு இருந்தேன்."

"மேல போவணும்னு ஆசப்பட்டது நீ. போனது என் புள்ள."

அண்ணன் அந்தக் கையை விலக்கவில்லை. அதுவாகத் தளரும்வரை அப்படியே நின்றார்.

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன்.

"அந்த வேலையே வேணாம்ணா. வந்துடு."

"நான் வந்துட்டா இன்னொருத்தன் அனுப்புவான், பாப்பா. பசங்க வந்துனேதான் இருப்பாங்க."

திரும்பிப் போனார். ஒரு பையனைத் தனியாக அனுப்பும் நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது என்று அண்ணி சொல்வார்.

லீவில் வரும்போதெல்லாம் சேகர் வீட்டுக்குப் போவார். அந்த அம்மா கதவைச் சாத்தியதும் இல்லை... உட்காரச் சொன்னதும் இல்லை. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தக் குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் விசாரித்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு காலத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினாலே கூட்டம் கூடும். இப்போது காலை ரயிலில் பெங்களூர் வேலைக்கு ஓடும் பிள்ளைகளுக்கு, அவர் யாரோ ஒரு பென்ஷன்காரர்.

போன மாதம் அந்த ரயிலில் நானும் அண்ணனும் போனபோது, பக்கத்து சீட்டுப் பெண் அவரிடம் கேட்டாள்.

"அங்கிள், நீங்க இன்னா வேலைல இருந்தீங்க?"

"வாத்தியார்மா."

"இன்னா சப்ஜெக்ட் அங்கிள்?"

அண்ணன் பங்காரப்பேட்டை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.