எத்தனையாவது ஹல்வர்?

மூன்று ஹல்வர் கதையை எலைஹூ பிரெண்டிஸ் எடுத்தாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடும். ரெஜிமென்டின் பழைய சிப்பாய்கள் ஒன்றுகூடும் ஒவ்வொரு கோடையிலும் அவர் அதைச் சொன்னார். போரில் அவர் கம்பெனி சார்ஜண்ட். இப்போது இரும்புக்கடை முதலாளி, வரும் தேர்தலில் ஷெரிப் பதவிக்கு நிற்பவர்.

அதே கம்பெனியில் இருந்த நெஸ்லாண்ட் அந்தக் கூட்டங்களுக்குப் போனதே இல்லை. புகையிலை வயல், பசுக்கள், தேவாலயம் என்று இருந்துவிட்டார். ஆனால் இந்த வருஷம் கூட்டம் அவர் ஊரான கோஷ்கொனாங்கின் தேவாலயத் தோப்பிலேயே நடந்தது. நார்வேக்காரர் ஓட்டு முழுக்க விஸ்கான்சினின் இந்த மூலையில்தான் இருக்கிறது.

"போகத்தான் போறீங்களா?" என்றாள் மனைவி ஆஸ்லௌக்.

"நம்ம வாசலுக்கே வந்து சிரிக்கிறான். போகாம என்ன?"

"அடிச்சுகிடிச்சு வெக்காதீங்க. போட்டிருக்கிறது வெள்ளைச் சட்டை. ரத்தக்கறை போகாது."

"அடிக்க மாட்டேன். நான் ஓடலன்னு அவன் வாயாலயே சொல்ல வெக்கணும். அவ்வளவுதான்."

அது அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் வருஷத்துச் சங்கதி. கம்பெனியில் பாதிக்கு மேல் நார்வேயின் டெலிமார்க் மலைகளிலிருந்து வந்த குடும்பத்துப் பையன்கள். அப்பன் பெயரைப் பின்னால் சேர்ப்பது அவர்கள் வழக்கம். பாட்டன் பெயரைத் தலைப்பேரனுக்கு வைப்பது அதைவிடப் பழைய வழக்கம். ஆக, ஒரே கம்பெனியில் மூன்று ஹல்வர் ஹல்வர்சன், அதாவது ஹல்வர் மகன் ஹல்வர். அவர்களுக்குள் இதில் குழப்பமே கிடையாது. பண்ணைப் பெயரைச் சொன்னால் ஆள் திரும்புவான்: ஹௌகன், ரூயி, நெஸ்லாண்ட். அந்தப் பெயர்கள் பிரெண்டிஸின் நாக்கில் ஏறவில்லை, அவன் ஏற்றிப் பார்க்கவும் இல்லை. முதல் ஹல்வர், இரண்டாம் ஹல்வர், மூன்றாம் ஹல்வர் என்று எண் போட்டுவிட்டான். நெஸ்லாண்ட் மூன்று.

டென்னஸியில் ஹௌகன் வயிற்றுப்போக்கில் செத்தான். மறுநாள் காலை, கொட்டும் மழையில், பெயர் கூப்பிடும்போது பிரெண்டிஸ் ஆங்கிலத்தில் அறிவித்தான். ஹல்வர்கள் எல்லாரும் ஒரு படி மேலே. ரூயி இனி முதல், நெஸ்லாண்ட் இரண்டு. ரூயிக்கு ஆங்கிலம் அரைகுறை. சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினான்.

அந்த வாரமே தேவதாருக் காட்டில் சண்டை. ரெஜிமென்ட் ஒரு வேலியோரம் நின்று பகல் சாயும்வரை சுட்டது. தோட்டா உறையைப் பல்லால் கிழித்துக் கிழித்து எல்லார் உதட்டிலும் கருமருந்து. துப்பாக்கிக் குழாயின் சூட்டில் நெஸ்லாண்டின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பக்கத்தில் நின்றவன் முகத்தில் குண்டு வாங்கிச் சாய்ந்தபோது ரூயி துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். பின்னால் குதிரையில் நின்ற வேறொரு படையின் லெப்டினன்ட் மடக்கி, "யார்டா நீ?" என்றான். ரூயி பழக்கத்தில் சொன்னான்: "ஹல்வர் ஹல்வர்சன், ரெண்டு."

அந்த எண்ணுக்கு இப்போது சொந்தக்காரன் நெஸ்லாண்ட். உரிந்த கையோடு அவனைக் காவல் கூடாரத்தில் போட்டார்கள். கர்னலின் தண்டனை: பாதித் தலை மழிப்பு, கழுத்தில் பலகை, முரசு அடித்து ரெஜிமென்டின் முன்னால் நடத்திக் காட்டுதல்.

மறுநாள் மத்தியானம் ரூயி தானாகவே பிரெண்டிஸின் கூடாரத்துக்கு வந்தான். காவல் கூடாரத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு கித்தான் துணிதான். நெஸ்லாண்டுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சார்ஜண்ட், ஓடினது நான். அவன் இல்ல. அவன் கடைசிவரைக்கும் வேலிகிட்டதான் நின்னான்."

"இப்ப வந்து சொல்றியா? கர்னல் உத்தரவு போட்டாச்சு, முரசுக்காரன் வந்து நின்னாச்சு. ஒரு ஹல்வரைக் கேட்டாங்க, ஒரு ஹல்வரைக் குடுத்தாச்சு. போடா."

மழித்தார்கள். சவரக்கத்தி மொக்கை, காதோரம் கிழித்தது. பலகையில் 'கோழை' என்பதற்குக் கீழே பெயரையும் எழுதியிருந்தார்கள். அது அவன் அப்பாவின் பெயர். அதே பெயரோடு கிழவர் ஞாயிறுதோறும் கோஷ்கொனாங் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

ஜார்ஜியாவில் நடந்த அடுத்த சண்டையில் ரூயி வரிசையை விட்டு முன்னால் போனான். யாரும் போகச் சொல்லவில்லை.

"ரூயி! திரும்பி வாடா, மடையா!" என்று நெஸ்லாண்ட் தொண்டை கிழியக் கத்தினான். ரூயி திரும்பவில்லை.

"இனிமே எண் வேண்டாம், ஒருத்தன்தான் மிச்சம்" என்றான் பிரெண்டிஸ், ஒரு வேலை குறைந்த நிம்மதியோடு.

அன்றிலிருந்து ஹல்வர் ஹல்வர்சன் என்று கூப்பிட்டால் நெஸ்லாண்ட் வாய் திறக்கவில்லை. அதற்காக மரக்கட்டையைத் தோளில் வைத்து நாள் முழுக்க நடக்கவிட்டார்கள். நடந்தான். போர் முடிந்து ஊருக்கு வந்து, கல்யாணமாகி, முதல் பையன் பிறந்ததும் அவனுக்கு அனுண்ட் என்று பெயர் வைத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த ஹல்வர் அங்கே அறுந்தது. அப்பா பேச்சை நிறுத்தினார். பேசாமலே செத்தும் போனார்.

தோப்பில் பிரெண்டிஸ் ஒரு வண்டியின் மேல் ஏறி நின்றிருந்தார். கதை கடைசிக்கு வந்துவிட்டது.

"ரெண்டாவது முதலாவதாயிட்டான், மூணாவது ரெண்டாவதாயிட்டான்! ஓடினது ஒருத்தன், மொட்டை ஒருத்தனுக்கு! எவனுக்குன்னு இன்னைக்குவரைக்கும் எனக்கே தெரியாது!"

கூட்டம் குலுங்கியது. நெஸ்லாண்ட் எழுந்து நின்றார்.

"எனக்குத்தான்."

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. பிரெண்டிஸ் கையை விரித்தார். "அடடே, வாப்பா, மேல வா! நீ எத்தனையாவது ஹல்வர்?"

"அன்னைக்கு மத்தியானம் ரூயி உன் கூடாரத்துக்கு வந்தான். அதையும் சேர்த்துச் சொல்லு."

"எந்த ரூயி?"

முன்பெஞ்சில் ஒருவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. டார்யெய், அதே கம்பெனிக்காரர், ஒரு கையை ஜார்ஜியாவில் விட்டு வந்தவர். "எந்த ரூயியா?" என்றார். "எனக்கு ரெண்டடி முன்னால செத்து விழுந்தானே, அவன்தான்."

"அட, சும்மா தமாஷுக்குச் சொல்றதுப்பா. சண்டைன்னா ஆயிரம் நடக்கும்."

"தமாஷாவே சொல்லு" என்றார் நெஸ்லாண்ட். "ஓடினது நான்தான்னு ஒருத்தன் வந்து நின்னான், போடான்னு துரத்திட்டேன்னு சொல்லு. இவன் ஓடலன்னு தெரிஞ்சேதான் சிரைச்சேன்னு சொல்லு. இவங்க சிரிக்கிறாங்களா பாப்போம்."

தோப்பில் யாரோ காபிக் கெட்டிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிரெண்டிஸ் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். அத்தனையும் ஓட்டு.

"சரி சரி. வந்தான், நான்தான் அனுப்பிட்டேன். இவர் ஓடல. எல்லாரும் கேட்டுக்குங்க, இவர் ஓடல. போதுமா?"

"யாரு ஓடல?"

"இவர்தான்."

"இவருக்குப் பேர் இருக்கு. ஹல்வர்னு சொல்லாதே, அதுல மூணு பேர் இருந்தோம்."

பிரெண்டிஸ் வாயைத் திறந்தார். யாராவது பெயரை எடுத்துக்கொடுப்பார்களா என்று டார்யெய்யைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார், கெட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்ற ஆஸ்லௌக்கைக்கூடப் பார்த்தார்.

கோஷ்கொனாங் முழுக்கத் தெரிந்த பெயர். ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. நெஸ்லாண்ட் உட்காரவும் இல்லை.